குறை இல்லாதவர்கள்

மெராந்தி தோட்டம், கோலா கங்சார்
சித்திரபானு வருஷம், தை 20

தம்பி சின்னையாவுக்கு அக்கா வீரம்மா எழுதுறது. மாரியாத்தா புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் நடமாடிக்கிட்டு இருக்கோம். உன் இருமல் நின்னுச்சா, வேளைக்குச் சாப்பிடுறியா, அதை மொதல்ல எழுது. உன் மச்சானுக்குத்தான் போன வாரம் காய்ச்சல் வந்து இறங்கியிருக்கு. கொய்னா மாத்திரை இல்ல. வேப்பங்கொழுந்தை அரைச்சுக் குடுத்தேன்.

ரப்பருக்குப் பால்மரம் வெட்டுறது இப்ப பாதிதான். மீதி மரத்தைச் சாய்ச்சுட்டு மரவள்ளி போடுறாங்க. ஆயாக் கொட்டாயில முப்பது பிள்ளைங்க இருந்த எடத்துல பதினேழு இருக்கு. அதுங்களைப் பாத்துக்கிட்டு என் பொழுது போவுது.

ஒண்ணு கேக்கணும். கோடி வீட்டு செல்லாயிக்கு ஐப்பசியில பொம்பளப் பிள்ளை பொறந்துச்சுல்ல. அது மூத்திரம் பேஞ்ச துணி கறுத்துப் போவுது. பேயும்போது நல்லாத்தான் இருக்கு. அப்படியே போட்டு வச்சா மசி கொட்டுன மாதிரி ஆயிடுது. சவக்காரம் போட்டுத் தொவைச்சா இன்னும் கறுக்குது. என் கையாலயே தொவைச்சுப் பாத்தேன். மாமியாக்காரி இருளாயி லயம் பூரா சொல்லிட்டா. யாரோ மருந்து வச்சிட்டாங்கன்னு ஒரு நாள் சொல்றா, மருமகளே வச்சிட்டான்னு மறுநாள் சொல்றா. அந்தப் பொண்ணு பயந்து போயி ஒரே துணியை நாளைக்கு எட்டுத் தடவ தொவைக்குது. அதைப் பாத்துட்டு, இவளைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்னு பேசுறா. மருந்து குடுக்குற தோட்டத்து டிரஸ்ஸர் ஓடிப் போயி ஒரு வருஷம் ஆச்சு. கேக்க ஆளில்ல.

நீ பத்து வருஷமா துரை டாக்டர்கிட்ட மூத்திரத்தைத்தானே சோதிச்சுக்கிட்டு இருந்த. இது என்னான்னு தெரிஞ்சா எழுது. பிள்ளை பொழைக்குமா?

அக்கா வீரம்மா


ஈப்போ
2603 பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்குச் சின்னையா எழுதுவது. நான் சுகம். இருமல் நின்றுவிட்டது. மச்சான் காய்ச்சலுக்குப் பிறகு தெம்பாக நடக்கிறாரா என்று எழுது.

பிள்ளை பிழைக்கும். இதை இன்றைக்கே செல்லாயியிடம் சொல். மருந்தும் இல்லை, செய்வினையும் இல்லை. நாம் தின்கிற பருப்பு, மீன், பால் எல்லாவற்றிலும் ஒரு சத்து இருக்கிறது. அது உடம்புக்குள் படிப்படியாக உடைந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போக வேண்டும். இந்தப் பிள்ளைக்கு நடுவில் ஒரு படி பிறக்கும்போதே இல்லை. அதனால் பாதி உடைந்தது அப்படியே மூத்திரத்தில் வருகிறது. காற்றுப் பட்டால் கறுக்கும், சவக்காரம் பட்டால் சீக்கிரம் கறுக்கும். இதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் உண்டு.

அக்கா, நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது. பல லட்சத்தில் ஒருவருக்குத்தான் இது வரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறான். ஹாலம் துரை இந்த மாதிரிப் பிறவிக் குறைகளையே ஒன்பது வருஷம் தேடினார். பாட்டில் கழுவ வந்த என்னை, ஆறாவது வருஷம் தன் நோட்டில் எழுத விட்டார். ஈயம் தோண்டும் லம்பம், தோட்டம் என்று எத்தனையோ இடம் போனோம். இந்தக் குறையோடு இரண்டே பேர்தான் கிடைத்தார்கள். துரை இப்போது சிங்கப்பூர் சிறையில். நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன.

அப்பன் வழியிலும் ஆத்தா வழியிலும் இரண்டு பக்கமும் மறைவாக இருந்து, பிள்ளையிடம் வெளியே வருவது இது. செல்லாயியும் அவள் புருஷனும் சொந்தமா? வேறு யாருக்காவது இப்படி உண்டா? சந்தேகமானவர்களுடையதை ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடித்து, சாம்பல் தெளிந்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றிப் பார். நிறத்தை எனக்கு எழுது.

பிரியமுள்ள தம்பி,
சின்னையா


மெராந்தி தோட்டம்
மாசி 18

தம்பி சின்னையாவுக்கு அக்கா எழுதுறது. உன் மச்சான் வேலைக்குப் போறாரு. நானும் சுகந்தான், மொழங்கால் வலி ஒண்ணைத் தவிர.

உன் கடிதாசைச் செல்லாயிக்குப் படிச்சுக் காட்டுனேன். பிள்ளை பொழைக்கும்னு சொன்ன எடத்தை மூணு தடவ படிக்கச் சொல்லுச்சு. இருளாயிக்குத்தான் மொகம் செத்துப் போச்சு. செல்லாயி வேற யாருமில்ல, அவ கூடப்பொறந்த அண்ணன் மவதான். ரெண்டு பக்கமும் இருக்குன்னா எங்க பக்கமும் இருக்குன்னு சொல்ல வர்றியாடின்னு என்கிட்ட சண்டைக்கு வந்துட்டா.

இன்னொண்ணு கேளு. நான் கிளாசும் சாம்பத் தண்ணியுமா திரியிறதைப் பாத்துட்டு, பத்துமலை தானா வந்தான். அவனும் இருளாயிக்கு அண்ணன் மவன் மொறைதான், முப்பத்திநாலு வயசு. "யக்கா, எனக்குச் சின்னதுலருந்தே அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லல. கட்டுனவகிட்டகூட சொல்லல"ன்னான். ஊத்திப் பாத்தேன். காப்பித்தண்ணி மாதிரி ஆயி, அப்பறம் கறுத்துச்சு. முதுகு குனிய முடியலன்னு சொல்றான். அவன் தங்கச்சிக்கும் அப்படித்தானாம். ஆக மூணு பேரு.

இப்ப நான் உன்னைக் கேக்குறேன். கடிதாசை யாரோ பிரிச்சு ஒட்டியிருக்கான், அது எல்லாருக்குந்தான். ஆனா நீ எதுக்கு 2603ன்னு ஜப்பான்காரன் வருஷத்தைப் போடுற? இருளாயி தம்பி ஈப்போவுல உன்னைப் பாத்தானாம். கத்தி கட்டுன ஜப்பான்காரன் ஒருத்தன் கூட மோட்டார்ல போனியாமே. துரை செயில்ல இருக்காருன்னு எழுதுன. இப்ப உனக்கு மேல யாரு இருக்கான்னு எழுதல.

அக்கா வீரம்மா


ஈப்போ
2603 மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு. நலமாக இருக்கிறேன். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் கிடைத்தால் சூடு பண்ணித் தேய்.

மூன்று பேர்! ஒரே தோட்டத்தில் மூன்று பேர் என்று உலகத்தில் எவனும் எழுதியதில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்துமலையின் முதுகு வலியும் இதில் சேர்ந்ததுதான். அந்தக் கறுப்பு வருஷக்கணக்கில் எலும்பு மூட்டில் படியும். செல்லாயி பிள்ளைக்கும் பிற்காலத்தில் வரலாம். எப்போது வரும், எவ்வளவு வரும், அதைத் தள்ளிப்போட முடியுமா என்று கண்டுபிடிக்கத்தான் இந்த வேலை.

அதற்கு மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தோட்டத்தில் இருக்கிற நாற்பத்து மூன்று வீட்டிலும் கேட்க வேண்டும். ஒவ்வொருவர் பேர், வயது, ஆணா பெண்ணா, யாருக்கு யார் பிள்ளை, யாரைக் கட்டியது, மூட்டு வலி உண்டா, தண்ணீர் கறுக்கிறதா. குறை இல்லாதவர்களையும் விடாமல் எழுது. அவர்கள்தான் முக்கியம். அவர்களோடு ஒப்பிட்டால்தான் குறை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

மோட்டாரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. தேதி எப்படிப் போட வேண்டும் என்பது இங்கே சட்டம். லேப் திறந்திருக்கிறது, எனக்கு வேலை இருக்கிறது. அது போதும்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

சின்னையா


மெராந்தி தோட்டம்
பங்குனி 10

தம்பிக்கு. எல்லாரும் இருக்கோம்.

எழுத முடியாது தம்பி. நோயாளி பேரை டாக்டரு கேட்டா சரி. நல்லா இருக்கறவன் பேரும் வயசும் எதுக்கு? நாலு வீட்டுல கேட்டேன். ரெண்டு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. ஜப்பான்காரன் ஆள் எடுக்கப் போறான்னு பேச்சு வந்துக்கிட்டு இருக்கு. சியாமுல ரயிலு ரோடு போடுறானாம். இந்த நேரத்துல வீட்டுக்கு எத்தன ஆம்பளைன்னு கேட்டுக்கிட்டு நான் போயி நின்னா என்னான்னு நெனைப்பாங்க?

உன் மச்சான் சொல்றாரு, "உன் தம்பி கேக்குறானா, அவன் மொதலாளி கேக்குறானா? அதைக் கேட்டு எழுது"ன்னு. உனக்கு மேல யாருன்னு போன தடவ கேட்டேன். மோட்டாரைப் பத்திக் காதுல போட்டுக்காதன்னு எழுதியிருக்க. மோட்டார்ல போகலன்னு எழுதல.

இந்தத் தாளு யார் கண்ணுல படும்? மாரியாத்தா மேல சத்தியம் பண்ணி எழுது. அப்பறம் பாக்கலாம்.

வீரம்மா


ஈப்போ
2603 ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மச்சானுக்கும் என் வணக்கம். இந்தக் கடிதத்தை நம் பக்கத்துக் காய்கறி லோரிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூட ஐம்பது கொய்னா மாத்திரை இருக்கிறது. மச்சானுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்குக் கொடு.

ஆமாம், எனக்கு மேலே ஒரு ஜப்பான் டாக்டர் இருக்கிறார். பட்டாளத்து கேப்டன். மோட்டாரில் போனதும் உண்மைதான், லம்பத்தில் காலரா என்று பார்க்கப் போனோம். ஊரில் இருந்தபோது அவரும் ஆராய்ச்சி பண்ணினவர். துரையின் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் லேப்பை மூடாமல் வைத்திருக்கிறார். கெட்டவரில்லை. உன்னிடம் சொன்னால் பயப்படுவாய் என்று சொல்லவில்லை, வேறொன்றும் இல்லை.

அந்தப் பட்டியல் எனக்கு மட்டும்தான். என் மேசை டிராயரை விட்டு வெளியே போகாது. மாரியாத்தா மேல் ஆணை.

அக்கா, எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது. டாக்டருக்குப் படிக்க வழியில்லை. பாட்டில் கழுவியே வயது போய்விடும் என்று இருந்தேன். பால்வெட்டுக்காரன் மகன் ஒருவன் கண்டுபிடித்தான் என்று ஒரு வரி எங்கேயாவது வரட்டும். அதற்கு உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

சின்னையா


மெராந்தி தோட்டம்
சுபானு வருஷம், சித்திரை 12

தம்பி சின்னையாவுக்கு அக்கா வாழ்த்தி எழுதுறது. மாத்திரை கெடைச்சுச்சு. நாலு பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் எறங்கிடுச்சு. நல்லா இருப்ப.

லோரிக்காரர் கையிலயே இதைக் குடுத்து விடுறேன். நாப்பத்து மூணு வீடும் எழுதியாச்சு. ஆயாக் கொட்டாயில பிள்ளை எடுக்க வர்றப்ப ஆத்தாக்காரிங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுதுனேன். மாத்திரை குடுத்த கையின்னு என்னை நம்பிச் சொன்னாங்க. சத்தியம் பண்ணியிருக்கான்னு நானும் சொன்னேன். மொத வீடா எங்க வீட்டையே போட்டிருக்கேன், உன் மச்சான் சன்னாசி, வயசு நாப்பது, குறை இல்ல. அதைப் பாத்த பெறகுதான் மத்தவங்க வாயைத் தொறந்தாங்க.

இருளாயி கடைசி வரைக்கும் மாட்டேன்னா. பேத்தி பெரிய மனுசியாயி முதுகு வளைஞ்சு நிக்கணுமான்னு கேட்டேன். வெத்தலையைத் துப்பிட்டு வந்து உக்காந்தா. அப்பறம், "எழுதிக்க. எங்கப்பனுக்கும் காது மடல் நீலமா இருக்கும். முதுகு கூனு"ன்னா. அந்தக் கெழவனுக்குத்தான் பத்துமலையும் பேரன், செல்லாயியும் பேத்தி.

குறை உள்ளவங்க மூணு பேரைத் தனித் தாள்ல எழுதியிருக்கேன். மத்தவங்க எல்லாம் குறை இல்லாதவங்க, அதுல பதினெட்டுலருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் ஆம்பளைங்க அறுபத்தொரு பேரு. நீ வயசு, ஆணா பொண்ணான்னு கேட்டதால எண்ணிப் போட்டேன்.

பத்திரம் தம்பி. பதில் உடனே போடு.

அக்கா வீரம்மா


ஈப்போ
2603 ஜூலை 5

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தாங்களும் மச்சானும் நலம் என்று நம்புகிறேன். நானும் நலமே.

மச்சானை உடனே ஈப்போவுக்கு அனுப்பி வையுங்கள். இங்கே ஒரு நல்ல வேலை காலியாக இருக்கிறது. வரும் பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமைக்குள் வந்துவிட வேண்டும். துணிமணி அதிகம் வேண்டாம். யாரிடமும் சொல்லிக்கொண்டு வர வேண்டியதில்லை. தனியாக வந்தால் போதும்.

தவறாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சின்னையா


மெராந்தி தோட்டம்
ஆனி 25

சின்னையாவுக்கு வீரம்மா.

ரெண்டரை மாசமா உன்கிட்டருந்து ஒரு வரி இல்ல. நாப்பத்து மூணு வீடு எழுதி அனுப்புனேனே, கெடைச்சுதுன்னுகூட எழுதல. திடீர்னு இப்படி ஒரு கடிதாசு.

பொறந்ததுலருந்து என்னை நீ வா போன்னு பேசுற பையன், தாங்கள்னு எழுதியிருக்க. எழுதும்போது பக்கத்துல யாரு நின்னா? இல்ல, நீ எழுதவே இல்லியா? கையெழுத்து உன்னோடதுதான், வெளக்குல வச்சுப் பாத்தேன்.

பக்கத்துத் தோட்டத்துலயும் இதையேதான் சொன்னாங்க. நல்ல வேலை, மூணு மாசம், நாளைக்கு ஒரு வெள்ளி, துணி அதிகம் வேணாம். ஈப்போ டேசன்ல ரயில்ல ஏத்திக் கதவைச் சாத்திட்டான். ஒருத்தன்கூட இன்னும் திரும்பல. நீயும் அதே மாதிரி எழுதுற. யார்கிட்டயும் சொல்லாம தனியா வரணுமாம். எதுக்குத் தனியா? ஆள் புடிச்சுக் குடுத்தா உன் கேப்டன் உனக்கு என்னா தர்றான்?

உன் மச்சான் போறேன்னுதான் சொன்னாரு. "கூடப்பொறந்த அக்கா புருசனை விப்பானாடி, என்னமோ கஷ்டம், சூசாவுல இருக்கான் போல, போயிப் பாத்துட்டு வாரேன்"னு சட்டையைத் தொவைச்சுக் காயப் போட்டாரு. நான்தான் விடல. நீ என் தம்பியா, அவன் ஆளான்னு எனக்குத் தெரியல.

அவரை அனுப்ப மாட்டேன். ஆளனுப்பாத.

வீரம்மா


மெராந்தி தோட்டம்
ஆடி 5

சின்னையா,

போன புதன்கிழம லோரி வந்துச்சு. மூணு லோரி. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல எல்லாரையும் நிக்க வச்சாங்க.

மத்த தோட்டத்துல எல்லாம் கண்ணுல பட்டவனை அள்ளிக்கிட்டுப் போனான். ஓடி ஒளிஞ்சவன் தப்பிச்சான். எங்களுக்கு அப்படி இல்ல. ஒருத்தன் தாளைப் பாத்துப் பேரைப் படிச்சான். வீட்டு வாரியாப் படிச்சான். மொதப் பேரு சன்னாசி.

புதர்ல போயி ஒளிஞ்சவங்க பேரும் அதுல இருந்துச்சு. வரலன்னா ஆத்தாளை ஏத்துவேன்னு சொன்னான். எல்லாம் வெளிய வந்துட்டாங்க. செல்லாயி புருசனும் போயிட்டான். அறுபத்தொரு பேரு.

பத்துமலை வரிசையில நின்னான். அவன் பேரைப் படிக்கல. முப்பத்திநாலு வயசு, எல்லாரையும் விட ஒசரம், அவனை மட்டும் விட்டுட்டுப் போயிட்டான். அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு அது எந்தத் தாளுன்னு.

நான் எழுதுன வரிசை மாறல. என் பக்கத்து வீட்டு மூத்தவன் வயசைத் தப்பா எழுதிட்டேன், இருபத்திரெண்டை இருபத்தாறுன்னு. பேரு படிச்சவன் வயசையும் அந்தத் தப்போடயே படிச்சான்.

வீரம்மா


ஈப்போ
1945 டிசம்பர் 2

அக்கா,

நலம் கேட்க எனக்கு முகம் இல்லை. இரண்டு வருஷமும் நாலு மாதமும் உனக்குப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கக் கூடாது என்று ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

உன் பட்டியல் ஏப்ரல் மாதம் என் கைக்கு வந்தது. மே மாதம் கேப்டன் அதைக் கேட்டார். டிராயரை அவர் உடைக்கவில்லை அக்கா. நானே எடுத்துக் கொடுத்தேன். ஜப்பான் பத்திரிகை ஒன்றில் கட்டுரை போடலாம், உன் பேரும் வரும் என்றார். ஒவ்வொரு பேரையும் இங்கிலீஷ் எழுத்தில் மாற்றிக் கொடுத்ததும் நான்தான். மூன்று நாள் உட்கார்ந்து சந்தோஷமாக எழுதினேன்.

ஜூலை மூன்றாம் தேதி அந்தத் தாள் ஆள் எடுக்கிற ஆபீஸ் மேசையில் கிடந்ததைப் பார்த்தேன். நான் ஒன்றாகச் சேர்த்து எழுதியதில் குறை உள்ள மூன்று பேரைச் சிவப்பு மசியில் அடித்திருந்தார்கள். பதினான்காம் தேதி என்று மேலே எழுதியிருந்தது. கேப்டனிடம் கேட்டேன். "கேட்டார்கள், கொடுத்தேன். போர் நடக்கிறது" என்றார். அவ்வளவுதான். திரும்பவும் மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. தபாலைப் பிரித்துப் படிப்பவனுக்குப் பயந்து அப்படி எழுதினேன். மச்சானை மட்டும் எப்படியாவது வெளியே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்கு ஒரு சைக்கிள் இருந்தது. ஈப்போவிலிருந்து உன் தோட்டத்துக்கு நாலு மணி நேரம். பதினோரு நாள் இருந்தது. உன் பதில் பன்னிரண்டாம் தேதி கையில் கிடைத்தது, அப்போதும் இரண்டு நாள் மீதி இருந்தது. ஒரு தடவை பாதி வழி, சுங்கை சிப்புட் வரைக்கும் வந்தேன். செக்போஸ்டில் சிப்பாய்களைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். என்னை யாரும் நிறுத்தவில்லை. நானாகத்தான் திரும்பினேன்.

ஹாலம் துரை சிறையிலிருந்து எலும்பும் தோலுமாக வந்திருக்கிறார். நோட்டுகளைப் பார்த்து அழுதார். உன் பட்டியலின் மூலத் தாள் அதில் இருக்கிறது. லண்டனுக்கு அனுப்பி அச்சுப் போடலாம், எங்கள் இரண்டு பேர் பேரும் சமமாக வரும் என்கிறார். நடந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன். எரிக்கச் சொன்னால் எரிக்கிறேன்.

மச்சானைப் பற்றி ஏதாவது தெரியுமா?

சின்னையா


மெராந்தி தோட்டம்
பார்த்திப வருஷம், மார்கழி 10

தம்பி சின்னையாவுக்கு அக்கா வீரம்மா எழுதுறது. நான் உசிரோட இருக்கேன். நீயும் இருக்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

உன் மச்சான் செத்துப் போயிட்டாரு. போன வருஷம் மாசியில, சியாமுல காஞ்சனபுரிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுல. வாந்திபேதி. மூணாவது வீட்டுக்காரரு கூடவே இருந்து பாத்துட்டு வந்து சொன்னாரு. அறுபத்தொரு பேருல இது வரைக்கும் பன்னெண்டு பேரு வந்திருக்காங்க. செல்லாயி புருசன் வரல. வர்ற ரயிலுக்கெல்லாம் போயி நின்னுட்டு வருது அந்தப் பொண்ணு.

நீ அனுப்பச் சொன்னப்ப நான் அனுப்பியிருந்தா அவரு இன்னிக்கு இருந்திருப்பாரு. தொவைச்ச சட்டையைக் கொடியிலருந்து எடுத்து ஒளிச்சு வச்சது நான்தான். அதை உன் தலையில போட மாட்டேன். அது என்னோடது. ஆனா ஒண்ணு. நீ அவரை மட்டும் கூப்பிட்ட. மத்த அறுபது பேரை நெனைச்சியா? அவரு மட்டும் தப்பிச்சிருந்தா நான் இந்த லயத்துல எந்த மொகத்தோட பிள்ளைங்களைத் தூக்குவேன்?

இத்தன நாளும் இவங்களுக்கு அது எந்தத் தாளுன்னு தெரியாது. பத்துமலை காட்டிக் குடுத்துத்தான் தப்பிச்சான்னு பேசுனாங்க. அவன்கூட யாரும் பேச்சு வார்த்தை வச்சுக்கல. தண்ணிக் கொழாயில அவன் பொண்டாட்டி கொடத்தை எத்தி விட்டாங்க. எனக்கு உண்மை தெரியும். நான் வாயத் தொறக்கல. ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ பயந்தேன்னு எழுதியிருக்க. நான் மட்டும் என்ன செஞ்சேன்?

உன் கடிதாசைப் படிச்ச மறுவாரம் ஞாயித்துக்கெழம, கோயிலுக்கு முன்னால எல்லாரையும் கூப்பிட்டேன். "அந்தப் பேரையெல்லாம் எழுதுனது நான்தான். பத்துமலை இல்ல"ன்னு சொன்னேன். எப்படிக் கேட்டேன், யாருக்கு எழுதுனேன், அவன் என்ன சத்தியம் பண்ணுனான், எல்லாத்தையும் சொன்னேன். யாரும் அடிக்கல. அடிச்சிருந்தா தேவல. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க. இருளாயி மட்டும் என் கிட்டக்க வந்து, "உன் கையால பிள்ளையைத் தொடாத"ன்னு சொல்லிட்டுப் போனா. மறுநா ஆயாக் கொட்டாய்க்கு ஆறு பிள்ளைங்கதான் வந்துச்சு. அதுல ஒண்ணு செல்லாயி பிள்ளை. மூணு வயசு ஆச்சு அதுக்கு. நல்லா ஓடுது. துணி இன்னும் கறுக்குது. "இவளுக்கு முதுகு எப்ப வலிக்கும், என்னா செஞ்சா வலிக்காம இருக்கும், உன் தம்பிக்குத் தெரியுமாக்கா?"ன்னு செல்லாயி கேட்டுச்சு. புருசனைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.

எரிக்கட்டுமா, அச்சுப் போடட்டுமான்னு என்னைக் கேக்குற. அது என் பேரும் இல்ல, உன் பேரும் இல்ல. யார் யார் பேரு இருக்கோ அவங்களைக் கேளு. செத்தவங்களுக்கு அவங்க வீட்டு ஆளுங்களைக் கேளு. வேணாம்னு சொன்னா துரை எவ்வளவு அழுதாலும் குடுக்காத. மொதல்ல அவருகிட்ட நடந்ததைச் சொல்லு.

பொங்கலு கழிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் கோயில்ல கூடுவாங்க. நீ வரணும். என்கிட்ட எழுதுனதை அவங்க முன்னால நின்னு சொல்லணும், மூணு நாள் சந்தோசமா எழுதுனேன்னதையும் சேத்து. திட்டுவாங்க. கல்லு எடுத்தாலும் எடுப்பாங்க. நான் உன் பக்கத்துலயே நிப்பேன். உனக்காக ஒரு வார்த்த பேச மாட்டேன்.

காலையில வெறும் வயித்தோட கெளம்பிடாத. திரும்புறதுக்கு நேரம் ஆவும்.

அக்கா வீரம்மா